பெயரா, அசிஸ்டன்ட்ஷிப்பா? உயர்கல்வி நிர்வாகத்தில் முதுகலை தேர்ந்தெடுத்த கதை

அமெரிக்காவில் உயர்கல்வி நிர்வாகமும் மாணவர் நலனும் சேர்ந்த முதுகலைப் படிப்புக்கு எனக்கு இரண்டு அட்மிட் வந்தன. ஒன்று எல்லாருக்கும் தெரிந்த பல்கலைக்கழகம், ஓராண்டுப் படிப்பு, முழுக் கட்டணமும் நம் தலையில். மற்றது அவ்வளவாகப் பெயர் தெரியாதது, இரண்டாண்டு, கூடவே மாணவர் விடுதி அலுவலகத்தில் அசிஸ்டன்ட்ஷிப், அதாவது படித்துக்கொண்டே பகுதிநேரம் வேலை பார்த்தால் கட்டண விலக்கும் சம்பளமும்.

கேட்டவர்கள் எல்லாரும் பெயரைத்தான் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தத் துறையில் வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த அலுவலகத்தில் என்ன செய்தாய் என்பதைத்தான். இத்தகைய படிப்புகளுக்கு சிஏஎஸ் என்ற அமைப்பு வகுத்த தரநிலைகளே குறைந்தது 300 மணி நேர மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சியை எதிர்பார்க்கின்றன. ஓராண்டில் அது எங்கே நடக்கும் என்று முதல் இடத்தில் கேட்டேன். நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றார்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

அப்புறம் அசிஸ்டன்ட்ஷிப் கடிதத்தை வரிவரியாகப் படித்தேன். கட்டண விலக்கு முழுமையானதா, இதரக் கட்டணங்கள் உண்டா, சம்பளம் ஒன்பது மாதமா பன்னிரண்டா, மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு, எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கினேன். எஃப்-1 மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாக வேலை வாரம் 20 மணி நேரம்தான். அசிஸ்டன்ட்ஷிப்பே அதை நிரப்பிவிட்டால் வேறு வருமானத்துக்கு வழியில்லை. அதைவிட முக்கியம், அங்கே இரண்டாம் ஆண்டு படிப்பவர்களிடம் பேசியது. மேலாளர் எப்படிப்பட்டவர், நள்ளிரவில் அழைப்பு வருமா என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்காது.

விசா கணக்கும் உண்டு. இந்தப் படிப்பு பொதுவாக ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வராது, அதனால் படிப்புக்குப் பின் வேலை பார்க்கத் தரும் ஓபிடி அனுமதி 12 மாதம்தான். ஆனால் பல்கலைக்கழக வேலைகளுக்கு எச்-1பி வேலை விசாவின் வருடாந்திர உச்சவரம்பு கிடையாது. அந்த அலுவலகம் ஸ்பான்சர் செய்யுமா என்பது வேறு கேள்வி, அதையும் கேட்டேன்.

விடுதி அலுவலகம் ஒரு வாரத்தில் பதில் கேட்டது. முதுகலை, முனைவர் படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்களின் அமைப்பான பட்டப்பள்ளிகள் கவுன்சிலின் (Council of Graduate Schools) ஏப்ரல் 15 தீர்மானத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் கையெழுத்திட்டிருந்தது. அதன்படி நிதியுதவி தரும் இடங்களுக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லக் கட்டாயம் இல்லை. (நிதியுதவி இல்லாத வெறும் அட்மிட்டுக்கு இது பொருந்தாது.) அதைக் குறிப்பிட்டுப் பணிவாக எழுதினேன், அவகாசம் தந்தார்கள்.

கடைசியில் இரண்டாண்டுப் படிப்பையே எடுத்தேன். மற்ற இடத்துக்கு அன்றே மறுப்பு எழுதிவிட்டேன், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் யாருக்காவது அந்த இடம் சீக்கிரம் போகட்டும் என்று.