நான் மஞ்சள் அடித்த சரிவு

நீலகிரியில் அப்பர் பவானிக்கு மேலே ஒரு சரிவு. செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணினியில் அதற்கு மஞ்சள் நிறம் கொடுத்திருந்தேன். எங்கள் வரைபடத்தில் மஞ்சள் என்றால் புல்வெளி. நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவை இருக்கக்கூடிய இடம். நேரில் ஏறிப் பார்த்தால் புல்லுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குச் சீகைக் கன்றுகள். சீகைக்காய் அல்ல, வாட்டில் என்ற அந்நிய மரம். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒன்றைப் பிடுங்கி, "இதையா சார் புல்லுன்னு போட்டிருக்கீங்க?" என்றார். சிரிக்காமல் கேட்டார்; அதுதான் உறுத்தியது.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதற்குள் நாலைந்து கன்று நின்றாலும் மொத்த நிறம் புல்லின் பக்கம்தான் சாயும். லேண்ட்சாட் கட்டம் 30 மீட்டர், கேட்கவே வேண்டாம். நெட்டைக்காலிக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. தரையில் நடந்து பூச்சி பொறுக்கி, புல் கொத்தடியில் கூடு கட்டும் பறவை அது. மரம் அடர்ந்தால் அந்த இடம் அதற்கு இல்லை. அன்று சரிவில் இரண்டு மணி நேரம் இருந்தும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இறங்கும்போது சதுப்போரம் ஒன்று நடந்து போனது, பழுப்பு உடம்பெல்லாம் கருங்கீற்றுகளோடு.

அதன்பின் படத்தின் மாதத்தை மாற்றினேன். மழைக்காலப் படத்தில் பாதி மேகம், மீதி எல்லாமே பச்சை. ஜனவரி உறைபனியில் புல் கருகி வைக்கோல் நிறமாகும். சீகையும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் சோலைக்காடும் பச்சையாகவே நிற்கும். வளர்ந்த மரம் அப்போது பிடிபடுகிறது. கன்று அப்போதும் தப்பிவிடுகிறது. போதாததற்கு, அறுவடை முடிந்த உருளைக்கிழங்குத் தோட்டம் காய்ந்த புல்போலவே ஏமாற்றும்.

சீகை தானாக வந்ததல்ல. ஆங்கிலேயர் விறகுக்கென்று கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காக இன்னும் நட்டார்கள். மரமில்லாத நிலம் வீண் என்ற நினைப்புதான். அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டு கிடக்கும். மரத்தை வெட்டினாலோ தீப் பட்டாலோ கும்பலாக முளைக்கும். ஆகவே கன்றிலேயே பிடுங்குவதுதான் சுலபம். "இங்கே பிரச்சினை இல்லை" என்று நான் ஒதுக்கிய மஞ்சள் சரிவுதான் முதலில் ஆள் போகவேண்டிய இடம்.

இப்போது வரைபடத்தில் ஆரஞ்சு என்று ஒரு நிறம் சேர்ந்திருக்கிறது: சீகை நுழைந்த புல்வெளி. அதை நடந்து பார்த்துத்தான் குறிக்கிறோம். புதுப் படத்தைக் காவலரிடம் காட்டினேன். இன்னும் இரண்டு மஞ்சளை விரலால் தொட்டு, "இங்கயும் ஒருக்கா நடந்துருவோம் சார்" என்றார்.