கோடி வீட்டு ஆத்தாவும் ஒரு குவாட்டரும்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவனுக்கு மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். ஷிப்மெண்ட் அவசரம் என்றால் அதையும் பிடுங்கிக்கொள்வார்கள். அப்படிப் பிடுங்காத ஞாயிறுகளில் பதினோரு வருஷமாகச் சண்டே ஸ்கூலில் பாடம் எடுக்கிறேன், நல்ல சமாரியன் கதையை மட்டும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கள்ளர் அடித்துப் போட்ட ஒருவனை ஆசாரியனும், கோயில் ஊழியம் செய்கிற லேவியனும் கண்டும் விலகிப்போக, யூதர்கள் ஒட்டாமல் ஒதுக்கின சமாரிய இனத்தான் ஒருவன் தூக்கிக் காப்பாற்றுகிற, இயேசு சொன்ன கதை. அந்தக் கதையை நான் ஒழுங்காகப் படித்ததே போன ஆடி மாசம்தான், அதுவும் காலில் கட்டோடு.

நாங்கள் இருப்பது லைன் வீடு. எட்டு வீடு, ஒரே குழாய். உப்புத் தண்ணிக்குப் பிரச்சினை இல்லை, போரில் வந்துவிடும். நல்ல தண்ணி எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறை, பெரும்பாலும் நடுராத்திரி. கோடி வீட்டில் ஒரு ஆத்தா, எழுபது வயசு இருக்கும், பேரனோடு இருக்கிறார். தண்ணி வந்தால் அவர் குடம்தான் முதலில், பன்னிரண்டு குடம் நிறைகிற வரைக்கும் குழாயை விட்டு நகர மாட்டார். என் வீட்டுக்காரி ஒருநாள் கேட்கப்போய், "அல்லேலூயா வீட்டுக்காரங்களுக்கு மேல இருந்து பெய்யுமுங்க, எங்களுக்குக் குழாய்தானுங்களே" என்று ஒரு போடு போட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை முடிந்தது.

அதைவிட எனக்குப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. ஆத்தா சந்துக்கடை வைத்திருக்கிறார். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும், அதற்கு முன்னால் கை நடுங்குகிற ஆட்கள் எல்லாம் அவர் வீட்டுப் பின்பக்கம் நிற்பார்கள். ஞாயிறு காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பைபிளோடு கிளம்புகிற எனக்கு அந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டும்போது மூக்கைச் சுளிக்காமல் ஒருநாளும் போனதில்லை. அவருக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து வாசல் கட்டிலில் கிடந்தார். மூன்று நாள் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போனேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் ஒருநாள் சங்கத்து ஜெபக்கூட்டத்துக்கு வேறு போய்க்கொண்டிருந்தேன்!

போன ஆடியில் நடந்தது இது. ஞாயிறு காலை, வீட்டில் எல்லோரும் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு திரும்பும்போது சாக்கடை மூடியிருந்த கல்லில் பாசி, சர்ரென்று வழுக்கி வண்டியோடு விழுந்தேன். சைலன்சரில் கெண்டைக்கால் வெந்துவிட்டது, முழங்காலுக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து ரத்தம் நிற்கவே இல்லை. பின்பக்கம் நின்ற ஆட்கள்தான் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார்கள். ஆத்தா உள்ளே போய் ஒரு குவாட்டரை எடுத்துவந்து, மூடியைத் திருகி, நான் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் கிழிந்த இடத்தில் ஊற்றிவிட்டார். உயிர் போய்த் திரும்பி வந்தது. "பல்லைக் கடிச்சுக்குங்க தம்பி, ஆம்பளதானுங்களே" என்றபடியே தன் பழைய சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். வெந்த இடத்துக்குத் தேங்காய் எண்ணெய். (காயத்தில் சாராயம் ஊற்றினதற்கும் வெந்த புண்ணில் எண்ணெய் தடவினதற்கும் சேர்த்து டாக்டர் பின்னால் திட்டினார், தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.) அப்புறம் பேரனை எழுப்பி, அவன் எக்ஸெல்லில் என்னை உட்காரவைத்து, டாக்டர் கையில் கொடுக்க முன்னூறு ரூபாயும் அவன் பையில் திணித்து அனுப்பினார். ஐந்து தையல்.

அடுத்த வாரம் சபையில் சாட்சி சொன்னேன். "பக்கத்தில் ஒருத்தங்க மூலமா கர்த்தர் எனக்கு உதவி பண்ணினார்" என்றேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். யார் அந்த ஒருத்தங்க என்று நான் சொல்லவில்லை, சந்துக்கடை என்ற சொல் பீடத்துக்கு முன்னால் நின்று வாயில் வரவில்லை.

கால் ஆறும் வரைக்கும் வீட்டில் கிடந்தபோது அந்தக் கதை இருக்கிற லூக்கா பத்தாம் அதிகாரத்தை எடுத்தேன், பாடத்துக்குத்தான். கதையில் அவன் அடிபட்ட, எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்குகிற பாதை சுமார் 27 கிலோமீட்டர். எருசலேம் கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 750 மீட்டர், எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மரம் மட்டை இல்லாத பொட்டல். "எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, காயங்களைக் கட்டி, அவனைத் தன் சுயவாகனத்தின்மேல் ஏற்றி" என்று வாசித்தபோது தனியாகக் கிடந்து சிரித்தேன். அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சமாரியன் சத்திரக்காரனுக்குக் கொடுத்த இரண்டு பணம் (அந்தக் காலத்துக் காசு) என்பது இரண்டு நாள் கூலி, மத்தேயு 20-இல் திராட்சத் தோட்டத்து வேலையாளுக்குப் பேசின கூலி நாளுக்கு ஒரு பணம்தான். நம்ம கணக்கில் இரண்டு ஷிப்ட்.

சிரிப்பு நின்றது 37-ஆம் வசனத்தில். "எனக்குப் பிறன் (அயலான்) யார்" என்று நியாயசாஸ்திரி, அதாவது யூத வேத பண்டிதன் ஒருவன், முதலில் கேட்கிறான். இயேசு கதையைச் சொல்லிவிட்டு, இந்த மூன்று பேரில் எவன் அவனுக்குப் பிறனாயிருந்தான் என்று திருப்பிக் கேட்கிறார். சமாரியன் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை, "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே" என்று சுற்றி வளைக்கிறான். நான் சொன்ன "ஒருத்தங்க" அதேதான்.

இத்தனை வருஷம் அந்தக் கதையை, நாம் நல்லவர்கள், பாவப்பட்டவனைப் பார்த்தால் உதவ வேண்டும் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கதையில் கேட்கிறவன் இருக்கும் இடம் அடிபட்டுக் கிடக்கிறவனின் இடமாகவும் இருக்கலாம், தூக்க வருகிறவன் நாம் தொட விரும்பாத ஆளாகவும் இருக்கலாம் என்பது உறைக்கவே இல்லை. நம்ம பக்கத்தில் சமாரியன் என்றால் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை, டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த சீமை இது. வெளியே மட்டுமா? ஒரே அப்பத்தில் பங்குபெற்றவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு மூலை ஒதுக்கின சபைகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு உபவாசம் எத்தனை நாள், தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தோமா என்று கணக்குப் பார்க்கிறோம்.

அன்பை அந்தப் பட்டியலில் ஒன்றாக நானும் வைத்திருந்தேன், அதுதான் தப்பு. தேவனிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு, இந்த இரண்டிலும் நியாயப்பிரமாணம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று மத்தேயு 22-இல் இருக்கிறது. அது பட்டியல் இல்லை, தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல். அது அறுந்துபோனால் குறுக்கே போகிற ஊடையை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் துணி வராது. எங்கள் அப்பாரு சொல்லுவார், தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) நம்ம குடும்பம் வேதத்துக்கு வந்தது கஞ்சியால், பிரசங்கத்தால் இல்லை என்று. சோத்துக்கு மதம் மாறினவர்கள் என்று யாராவது கேலி பண்ணினால் சின்ன வயசில் கூசும். இப்போது கூசுவதில்லை. கஞ்சி ஊற்றினவர்தான் அன்றைக்குப் பிறன், வேறென்ன.

இன்னொன்று கண்ணில் பட்டது, இதையும் இத்தனை வருஷம் கவனிக்கவில்லை. சமாரியன் கதைக்கு ஒரு அதிகாரம் முன்னால், லூக்கா 9-இல், ஒரு சமாரியக் கிராமம் இயேசுவுக்கு இடம் தரவில்லை. வானத்திலிருந்து அக்கினியை இறக்கி இவர்களை அழிக்கட்டுமா என்று கேட்டவர்கள் அவருடைய சீஷர்கள் யாக்கோபும் யோவானும். அதே யோவான்தான் அப்போஸ்தலர் 8-இல் பேதுருவோடு சமாரியாவுக்குப் போய், அந்த ஜனங்கள் மேல் கைவைத்து ஜெபிக்கிறார். அந்த யோவான் எபேசு பட்டணத்தில் தள்ளாத வயசில் இருந்தபோது அவருடைய சீஷர்கள் தூக்கிக்கொண்டுதான் சபைக்கு வருவார்களாம், வந்தால் "பிள்ளைகளே, ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்" என்பதற்கு மேல் பேச மாட்டாராம். ஏன் இதையே சொல்கிறீர்கள் என்று சலித்துக் கேட்டதற்கு, இது கர்த்தருடைய கட்டளை, இது ஒன்றைச் செய்தாலே போதும் என்றாராம். நான்காம் நூற்றாண்டு வேத அறிஞர் ஜெரோம் எழுதிவைத்திருக்கிறார். நெருப்புக் கேட்ட வாய் என்று நினைத்துப் பார்த்தால்தான் அந்த ஒற்றை வரிக்கு எடை தெரிகிறது.

சரி, கால் ஆறியதும் ஆத்தாவிடம் போனேன். முன்னூறு ரூபாயும் குவாட்டர் காசும் கொடுத்தேன். வாங்க மாட்டார், பெரிதாக ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. வாங்கி எண்ணினார். "இன்னும் அறுபது ரூவா வேணுமுங்க தம்பி, நாங்க விக்கிற வெலை அதுங்க" என்றார். கொடுத்தேன். கடை வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. காலைக் காட்டச் சொல்லித் தழும்பைத் தடவிப் பார்த்தார். சாட்சியில் பெயரைச் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். "எதுக்குங்க சாமி அங்கெல்லாம் எம் பேரு, போலீசு வந்துரப் போவுது" என்றார்.

போன வியாழக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு நல்ல தண்ணி வந்தது. ஆத்தாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, பேரன் நைட் ஷிப்ட். அவர் வீட்டு விளக்கு எரியவில்லை. குடத்தை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றேன், நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்புறம் போய்க் கதவைத் தட்டினேன். எழுந்துவந்து, என் குடத்தை நகர்த்திவிட்டு, தன் குடத்தை வைத்தார். பன்னிரண்டையும் நான்தான் தூக்கி உள்ளே வைத்தேன். ஒன்பதாவது குடத்தில் எனக்கு நல்லாவே எரிச்சல் வந்தது.