மாட்டைக் கொடுக்கும் முன் புல்லை நடுங்கள்

எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் குடும்பத்துக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தாலே, "ஒரு கறவை மாடு வாங்கிக் கொடுத்துவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். யோசனை தப்பில்லை. தினமும் கையில் காசு புழங்கும், வீட்டில் பால் இருக்கும், நிலத்துக்கு எரு கிடைக்கும். ஆனால் மாட்டுக்கு லீவு கிடையாது. காய்ச்சலில் சுருண்டு படுத்த நாளிலும் அதற்குத் தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும், இரண்டு வேளை கறந்தாக வேண்டும். ஆள் தெம்பாக நடமாடும் நாளை மனதில் வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். எழுந்து நிற்க முடியாத வாரத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

400 கிலோ எடையுள்ள கறவை மாடு தன் எடையில் சுமார் 3 சதவீதம், அதாவது ஈரம் போகக் கணக்கிட்டால் நாளுக்கு 12 கிலோ தீவனம் தின்னும். பசும்புல்லில் பெரும்பகுதி ஈரம்தான் என்பதால், அதில் மூன்றில் இரண்டு பங்கைப் பசும்புல்லாகக் கொடுத்தாலே 40 கிலோ அறுக்க வேண்டும். தண்ணீர் 60 முதல் 80 லிட்டர். சாணியைச் சேர்க்காமலே நாளுக்கு நூறு கிலோவுக்கு மேல் தூக்குகிற வேலை இது. அரை கிலோமீட்டர் தள்ளிப் புல்லும், அதற்கு அப்பால் தண்ணீரும் இருக்கிற வீட்டில் மாடு கட்டினால், முதல் மழைக்காலக் காய்ச்சலிலேயே மாடு விற்பனைக்கு வந்துவிடும்.

அதனால் மாடு வருவதற்கு மூன்று மாதம் முன்பே கொட்டகையை ஒட்டி நேப்பியர் என்ற தீவனப்புல்லின் கரணை நட வேண்டும். முதல் அறுப்பு 75 நாளில், அடுத்தடுத்த அறுப்பு 45 நாளுக்கு ஒருமுறை. அரை ஏக்கரை 45 பாத்திகளாகப் பிரித்து நாளுக்கு ஒன்று அறுத்தால் சுழற்சி முடியும்போது முதல் பாத்தி தயாராக இருக்கும். எருவும் நீரும் குறைந்தால் இந்த இடம் போதாது. தண்ணீருக்குக் கூரையிலிருந்து வழியும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து, குழாய் வழியே நேராக மாடு குடிக்கும் தொட்டியில் விழச் செய்வது நல்லது. குடம் தூக்கும் வேலையே வேண்டாம்.

படுத்துக் கிடக்கும் வாரத்துக்குக் கைகொடுப்பது மூட்டையில் போட்ட ஊறுகாய்ப்புல் (சைலேஜ்). புல்லை ஒரு நாள் வாடவிட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டராக நறுக்கி, கொஞ்சம் வெல்லப்பாகுக் கழிவு தெளித்து, தடித்த பிளாஸ்டிக் பையில் காற்றே இல்லாமல் மிதித்து அடைத்துக் கட்ட வேண்டும். 45 நாளில் பதமாகும். பையைப் பிரித்துக் கொட்ட பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட முடியும். கெட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: சரியாக மிதிக்காமல் உள்ளே காற்று நின்றிருக்கும், அல்லது எலி பையைக் கடித்திருக்கும். பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்கும் போடக்கூடாது. எதிர்ப்புச்சக்தி குறைந்தவர் அதைக் கையாளவும் கூடாது.

அடுத்தது, எந்த மாடு? இருபது லிட்டர் மாட்டைக் காட்டி ஆசை மூட்டுவார்கள், வேண்டாம். எட்டு முதல் பத்து லிட்டர் கறக்கும் கலப்பின மாடு போதும். பராமரிப்புக்கு ஒன்றரை கிலோவும், இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோவும் என்று அடர்தீவனம் போட்டால் சமாளிக்கும். கறவை கூடக்கூட மடிநோயும் கன்று ஈன்றவுடன் வரும் பால் காய்ச்சலும் கூடும். கன்றாகக் கொடுத்தால் இரண்டு வருடம் வெறும் செலவு. ஆறேழு மாதச் சினைக் கிடேரியாகக் கொடுத்தால் சில மாதத்தில் பால். இதையும் தாங்க முடியாத வீட்டுக்கு இரண்டு பால் ஆடுகள் சரியாக இருக்கும். ஓர் ஆட்டுக்கு ஐந்தாறு கிலோ தழை போதும். சிகிச்சை தொடங்கிய புதிதில் இருப்பவருக்கு மாட்டைத் தராமல், மாத்திரை பழகி வைரஸ் அளவு இறங்கும் வரை காத்திருக்கச் சொல்வோம்.

வீட்டிலோ பக்கத்திலோ கறக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். மருத்துவமனை வரிசையில் நிற்கும் நாளில் ஒரு வேளை கறவை தவறினால் மடி கட்டிக்கொள்ளும், பால் இறங்கும், மடிநோய்க்கு வழி திறக்கும். உடல்நிலை சீராக இருப்பவர் மூன்று அல்லது ஆறு மாத மாத்திரையை ஒரே தடவையில் தர முடியுமா என்று சிகிச்சை மையத்தில் கேட்கலாம். மாத்திரை நேரத்தைக் கறவை நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் இரண்டும் மறக்காது.

தொற்றுள்ளவர் கறந்த பாலைக் குடித்தால் எச்.ஐ.வி. வருமா என்று இன்னும் கேட்கிறார்கள். வராது. மாட்டின் உடலில் அந்த வைரஸ் வாழாது; கறப்பதாலும் தொடுவதாலும் பரவாது. உண்மையான ஆபத்து எதிர்த்திசையில், மாட்டிலிருந்து மனிதருக்கு. மாட்டுக் காசநோயும் கன்று வீச வைக்கும் புருசெல்லோசிஸும் காய்ச்சாத பாலில் வரும். வாங்கும் முன் இரண்டுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். காசநோய்க்கான டியூபர்குலின் ஊசியைப் போட்டு 72 மணி நேரம் கழித்துத்தான் பார்ப்பார்கள். அதுவரை பணத்தைக் கொடுக்காதீர்கள். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாது, சீம்பாலும் அப்படித்தான்.

பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கும், வயிற்றுப்போக்கு கண்ட கன்றிடமிருந்து கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வரும். சிடி4 (நோய் எதிர்ப்பு அணு) எண்ணிக்கை 100-க்குக் கீழே உள்ளவருக்கு இது மாதக்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்காகிவிடும். பிளீச்சிங் பவுடருக்கு அது மசியாது. கன்றைத் துடைப்பது, கொட்டில் கழுவுவது எல்லாம் வேறொருவர் வேலை. கன்று ஈனும்போது நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடக்கூடாது. கர்ப்பிணி பக்கத்திலேயே போகக்கூடாது. கிடேரிக்கன்றுக்கு நான்கு முதல் எட்டு மாதத்தில் போடும் புருசெல்லா தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. ஊசி தவறிக் குத்தினால் மனிதருக்கே நோய் வரும். ஆகவே கன்றைப் பிடித்துக்கொள்ள வேறு ஆளை நிறுத்துங்கள்.

விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தால், மாடு வளர்ப்பதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். புருசெல்லோசிஸுக்கும் காசநோய்க்கும் தரும் ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி.க்குத் தரும் டோலுடெகிராவிர் மருந்தின் அளவை உடலில் குறைத்துவிடும். அப்போது டோலுடெகிராவிரை நாளுக்கு இரண்டு வேளையாக மாற்றுவார்கள். மாட்டிலிருந்து வரும் காசநோய்க் கிருமி, வழக்கமான காசநோய் மருந்துகளில் ஒன்றான பைராசினமைடுக்கு இயல்பிலேயே அடங்காது.

பால் வீட்டுக்கு வந்ததும் நடக்கும் ஒரு தவறு பெரியது: கைக்குழந்தைக்கும் பசும்பால் புகட்டுவது. மருந்து எடுக்கும் தாய் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் தரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தாய்ப்பாலோடு வேறு பாலையும் கலந்து கொடுத்தால் தொற்று கடக்கும் வாய்ப்பு கூடும். மாறாக, பெரியவர்கள் குடிக்க வேண்டிய பாலைக் கடைசிச் சொட்டு வரை விற்றுவிடுவார்கள். அறிகுறி இல்லாதவருக்கே சாதாரண ஆளைவிட 10 சதவீதம் கூடுதல் சக்தி தேவை. நோய் வாட்டும்போது 20 முதல் 30 சதவீதம். காலைப் பால் விற்பனைக்கு, மாலைப் பாலில் வீட்டுத் தேவை போக மிச்சம் என்று முதல் நாளே பேசிவைத்தால் தகராறு இருக்காது.

மாட்டின் காதில், கொட்டகைப் பலகையில், உதவித் திட்டத்தின் பெயரை எழுதி வைக்காதீர்கள். ஊர் அதைப் படித்துவிட்டுப் பாலை வாங்காது. தொற்று இல்லாத ஏழை வீடுகளையும் சேர்த்துக் குழு அமைத்தால் யார் யாரென்று தெரியாது. கணவனை இழந்த பெண்ணுக்குக் கொடுத்தால் மாட்டின் ரசீதும் காப்பீடும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் மாமியார் வீட்டுக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போவார்கள். முதல் கிடேரிக்கன்றை அடுத்த குடும்பத்துக்குத் தரும் ஏற்பாடு நல்லதுதான். ஆனால் எத்தனை மாதத்தில் தருவது, அதுவரை தீவனச் செலவு யாருடையது, காளைக்கன்று பிறந்தால் என்ன, உரியவர் நோயில் விழுந்தால் மாட்டை யார் பார்ப்பது என்பதெல்லாம் மாட்டை ஓட்டி வரும் முன்பே தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.