எழுபத்து மூன்று சதவீதம்

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பித் தருவதும், மருத்துவச் சான்றிதழ் முகாம்களுக்கு அவர்களை அழைத்துச் செல்வதும் பல ஆண்டுகளாக என் வேலை. தொகை போதவில்லை என்பதே வெளியில் பெரிதாகக் கேட்கும் குறை, அது நியாயமானதும்கூட. ஆனாலும் முதலில் திருத்தப்பட வேண்டியது, அந்தத் தொகை யாருக்கு என்று தீர்மானிக்கும் சதவீதக் கணக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21ஆக விரித்தது. 40 சதவீதக் குறைபாடு உள்ளவருக்கு வேலைவாய்ப்பில் இடஒதுக்கீட்டு உரிமையும் தந்தது. மாத உதவித்தொகைக்கான எல்லைகளோ வேறு. தமிழ்நாட்டில் 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாயாக வழங்கப்படும் பராமரிப்பு உதவித்தொகை, அறிவுசார் குறைபாடு போன்ற சில வகையினருக்கு 40 சதவீதத்திலேயே கிடைக்கிறது. கடும் பாதிப்பு என்ற பிரிவில் கேட்பவருக்கு 75 சதவீதம் வேண்டும். மத்திய அரசின் திட்டத்துக்கு 80 சதவீதமும் வறுமைக்கோட்டுச் சான்றும் வேண்டும். அதில் மத்திய அரசின் பங்கு 2012 முதல் மாதம் 300 ரூபாயிலேயே நிற்கிறது.

இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிப்போன பெண் ஒருவருக்குப் பின்னாளில் செவித்திறனும் குறைந்தது. காலுக்கு 60, காதுக்கு 40 என்று மருத்துவர்கள் மதிப்பிட்டபோது, மொத்தம் 100 என்றே அவர் குடும்பத்தார் நம்பினார்கள். விதிப்படி இரண்டையும் அப்படியே கூட்டக் கூடாது. 90இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, மிச்சத்தைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து வருவதைத்தான் பெரிய எண்ணுடன் சேர்க்க வேண்டும். அவருக்கு 73 வந்தது, கடும் பாதிப்புப் பிரிவின் 75க்கு இரண்டு குறைவு. மருத்துவர்மீது பிழையில்லை. முதல் குறைபாடு விட்டுவைத்த திறனிலிருந்துதான் இரண்டாவது எதையும் பறிக்க முடியும் என்பது அந்தச் சூத்திரத்தின் எண்ணம். ஆனால் பின்னால் வரும் வண்டியின் ஒலியும் கேட்காமல், சட்டென ஒதுங்கவும் முடியாமல் சாலையைக் கடக்கிறவருக்கு, இரண்டாவது குறைபாடு முதலாவதன் சுமையையும் சேர்த்தே கூட்டுகிறது. வருவாய்த் துறை மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியே தரும் ஓய்வூதியமும் அவருக்குக் கிடைக்கவில்லை, ஆதரவற்றவர் இல்லை என்றார்கள். இவரிடம் தையல் இயந்திரமும் உடன் வசிக்கும் அண்ணனும் இருந்தார்கள்.

உடற்குறை, சுற்றியுள்ள தடைகளோடு சேரும்போதுதான் ஒருவரின் பங்கேற்பு முடக்கப்படுகிறது என்று அதே சட்டம் வரையறுக்கிறது. மதிப்பீட்டு மேசையில் தடைகளைப் பற்றிக் கேள்வியே எழுவதில்லை. குளிக்க யார் துணை, மருத்துவமனைக்குப் போக ஆட்டோவுக்கு எவ்வளவு, பார்த்துக்கொள்பவர் எந்த வேலையை விட்டார் என்பவற்றையும் கேட்டு, 40 சதவீதத்திலிருந்தே படிப்படியாக உயரும் தொகையை வழங்கலாம்.

ஒரே எல்லைக்கோடு இருந்தால்தான் தணிக்கைக்கு எளிது, படிகள் வைத்தால் சிபாரிசு பெருகும் என்று அலுவலர்கள் சிலர் என்னிடம் வாதிட்டதுண்டு. சிபாரிசு இப்போதும் இருக்கிறது. “இன்னும் ரெண்டு பர்சன்ட் போட்டுக் குடுங்க சார்” என்ற வேண்டுதல் கேட்காத முகாம் அரிது. 73க்கு ஒன்றுமில்லை, 75க்கு 2,000 ரூபாய் என்னும்போது மனிதர்கள் வேறென்ன செய்வார்கள்? படிகளுக்கிடையே சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்றால், அந்த இரண்டு சதவீதத்துக்காக யாரும் மருத்துவரிடம் இவ்வளவு கெஞ்ச மாட்டார்கள்.