கார்டைக் கழற்றும் முன்: டிரான்ஸ்மிஷன் செய்முறைத் தேர்வு அனுபவம்

மதுரையில் ஆப்டிகல் டிரான்ஸ்மிஷன் (ஃபைபர் வழியே ஒளியில் தகவல் அனுப்புவது) செய்முறைத் தேர்வுக்கு நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை பத்தே நிமிஷத்தில் கதை முடிந்தது. ரேக்கில் சிவப்பு விளக்கு, திரையில் எல்ஓஎஸ் அலாரம். ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். உடனே லைன் கார்டை (ஃபைபர் மாட்டும் சர்க்யூட் பலகை) கழற்றி மாற்றுக் கார்டைச் செருகிவிட்டேன். தேர்வாளர் பக்கத்தில் வந்து, "தம்பி, ஆர்எக்ஸ்ல எவ்வளவு பவர் வந்துச்சு?" என்று கேட்டார். ஆர்எக்ஸ் என்பது ஒளியை வாங்கும் முனை. அங்கே நான் அளக்கவே இல்லை. அதே கார்டில் இன்னொரு போர்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததையும் பார்க்கவில்லை. நல்ல லைனையும் சேர்த்து அறுத்துவிட்டேன்.

அலாரம் பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்துதான் போயிருந்தேன். பிரச்சினையே அங்கேதான். அடுத்த தேர்வுக்கு முன்னால், ஃபீல்டில் வேலை பார்க்கும் எங்க ஊர் அண்ணன் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் நோட்டில் இரண்டு கட்டம் வரைந்து மதுரை, உசிலம்பட்டி என்று எழுதினார். நடுவில் போக ஒரு ஃபைபர், வர ஒரு ஃபைபர்.

"மதுரையில எல்ஓஎஸ். உசிலம்பட்டியில ஆர்டிஐ. பழுது எங்கிட்டு இருக்கு?"

"ரெண்டு பக்கமும் அலாரம் வருதேண்ணே."

"ஆர்டிஐன்னா எதிர்ப்பக்கத்துக்காரன் 'நீ அனுப்புறது எனக்கு வரலை'ன்னு சொல்றான். மதுரைக்காரன் சொன்னது உசிலம்பட்டிக்கு வந்து சேர்ந்துச்சுல்ல? அப்ப மதுரையில இருந்து போற ஃபைபர் நல்லாருக்கு. வர்ற வழியை மட்டும் பாரு."

வரும் வழியில் தேட வேண்டிய இடம் மூன்றே மூன்று: உசிலம்பட்டியின் டிஎக்ஸ் (ஒளியை அனுப்பும் முனை), நடுவில் உள்ள ஃபைபர், மதுரையின் ஆர்எக்ஸ். இந்தப் படத்தை நீங்களும் கையால் வரைந்து, ஒவ்வொரு அலாரத்துக்கும் அம்புக்குறி போட்டுப் பழகுங்க. எஸ்டிஎம்-1 என்ற ஒரு பெரிய லைனில் இ1 என்ற சிறிய லைன்கள் 63 ஓடும். மேலே ஒரு எல்ஓஎஸ் வந்தால் கீழே அந்த 63-க்கும் ஏஐஎஸ் (மேலே சிக்னல் போய்விட்டது என்று சொல்லும் அலாரம்) வரிசையாக வந்து திரையை நிரப்பும். பயப்படாதீங்க. மேல்மட்டத்து அலாரம் ஒன்றைத் தீர்த்தால் மற்றவை தானாகப் போய்விடும்.

அடுத்தது கணக்கு. எவ்வளவு பவர் வர வேண்டும் என்று தெரியாமல் மீட்டரைப் பார்த்துப் பயனில்லை. சுமார் 40 கி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்ளுங்க. 1550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.25 டிபி (ஒளி இழப்பின் அளவு) என்றால் 10 டிபி. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு ஜாயின்ட், ஒன்றுக்கு 0.1 என்று போட்டால் இன்னொரு 2. இரு முனைக் கனெக்டருக்கும் சேர்த்து 1. மொத்தம் 13. அனுப்புவது 0 டிபிஎம் (ஒளி பவரின் அளவு) என்றால் இங்கே −13 பக்கம் வர வேண்டும். −25 வந்தால், ரிசீவர் அதைத் தாங்கினாலும், வழியில் எங்கோ 12 டிபி தின்கிறது. 3 டிபிக்கு ஒளி பாதியாகும். 12 என்றால் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். பொக்லைன் தோண்டிய இடத்தில் கேபிள் நசுங்கியிருக்கலாம். ஓடிஎஃப்பில் (ஃபைபர்கள் வந்து முடியும் பெட்டி) பேட்ச் கார்டு எனும் இணைப்பு ஃபைபர் வடம் மடங்கியிருக்கலாம். இதற்கெல்லாம் லைன் கார்டை மாற்றி ஒன்றும் ஆகாது. ஒன்று மறக்காதீங்க: மீட்டரில் அலைநீளத்தைச் சரியாக வைக்கணும். 1550 ஒளியை 1310-ல் வைத்து அளந்தால் காட்டும் எண் தப்பு.

லூப் போடும்போதுதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். சொந்த டிஎக்ஸை சொந்த ஆர்எக்ஸில் மாட்டி, அலாரம் போனால் கருவி நல்லது என்று அர்த்தம், எளிய சோதனை. ஆனால் நெடுந்தூர மாடியூலில் (ஒளியை அனுப்பி வாங்கும் பகுதி) அப்படியே மாட்டக் கூடாது. எல்-16.2 வகை +3 டிபிஎம் வரை அனுப்பும்; அதன் ரிசீவர் தாங்குவது −9 வரைதான். நேராக மாட்டினால் ரிசீவர் கருகலாம், நல்ல கருவியை நீங்களே பழுதாக்கிவிடலாம். 15 டிபி அட்டெனுவேட்டர் (ஒளியைக் குறைக்கும் துண்டு) போட்டால் −12-க்கு வரும், பிறகு லூப் போடலாம். ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும் கூடாது. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

மற்றவை சின்ன விஷயங்கள். −48 வோல்ட் வருகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா என்று முதலில் ஒரு நடை பார்த்துவிடுங்க. எங்க பக்கத்துப் புழுதிக்கு ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கார்டைத் தொடும் முன் ரிஸ்ட் ஸ்ட்ராப். இல்லையென்றால் அங்கேயே மார்க் போகும். காலி ஸ்லாட்டில் கார்டைச் செருகும் முன் டார்ச் அடித்து உள்ளே பின் வளைந்திருக்கிறதா பாருங்க.

இரண்டாவது தடவையும் அதே எல்ஓஎஸ், எதிர்ப்பக்கம் ஆர்டிஐ. கை பரபரத்தது, முதலில் பேப்பரில் இரண்டு கட்டம் வரைந்தேன். பிறகு ஆர்எக்ஸில் மாட்டியிருந்த பேட்ச் கார்டைக் கழற்றி மீட்டரில் வைத்தேன்: −14. ஒளி நன்றாகவே வந்துகொண்டிருந்தது. அப்படியானால் எதிர்ப்பக்கமும் ஃபைபரும் சரி. கனெக்டரையும் போர்ட்டையும் துடைத்து மாட்டினேன்; அலாரம் போகவில்லை. அட்டெனுவேட்டரோடு லூப் போட்டேன், அப்போதும் எல்ஓஎஸ். பழுது இந்த ரிசீவரில்தான். கார்டைத் தொடாமல் எஸ்எஃப்பியை (கார்டில் செருகும் சின்ன ஒளி மாடியூல்) மட்டும் உருவி, அதே வகையில் வேறொன்றைச் செருகி, ஃபைபரை மாட்டினேன். சிவப்பு அணைந்தது. பக்கத்து போர்ட் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

தேர்வாளர் என் பேப்பரை வாங்கிப் பார்த்தார். கட்டத்துக்குப் பக்கத்தில் −14 என்று எழுதி வைத்திருந்தேன். "மாத்தின பிறகு மாடியூல் எவ்வளவு காட்டுது?" என்றார். திரையைப் பார்த்து −14.2 என்று சொல்லி, அதையும் கீழே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.