'சின்ஸ்': சொல் சரி, வினையில்தான் தப்பு

சென்னையில் எஸ்எஸ்சி எனும் மத்திய அரசு வேலைத் தேர்வுக்கோ வங்கித் தேர்வுக்கோ படிக்கிற யாரிடம் கேட்டாலும் ஆங்கிலத்தில் 'சின்ஸ்' (since) என்றால் 'லிருந்து' என்று உடனே சொல்லிவிடுவார்கள். பொருள் சரிதான். இருந்தும் பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் இந்தச் சொல் வந்தால் பலருக்கு மதிப்பெண் போகிறது. பட்டதாரிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறினால் 0.50 கழியும்.

எந்தப் பகுதியில் பிழை என்று கேட்கும் இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "ஹீ இஸ் வொர்க்கிங் / இன் திஸ் பிராஞ்ச் / சின்ஸ் 2018 / நோ எரர்."

கண் நேராக மூன்றாம் பகுதிக்குப் போகும். 2018 ஒரு ஆண்டு, அதற்கு 'சின்ஸ்' பொருந்துகிறது என்று பார்த்ததும் 'நோ எரர்' குறித்துவிடுகிறார்கள். பிழை முதல் பகுதியில் இருக்கிறது. 'ஹீ ஹேஸ் பீன் வொர்க்கிங்' என்று வர வேண்டும். "2018லேர்ந்து இங்கதான் வேலை பார்க்கிறார்" என்று நாம் நிகழ்காலத்தில் பேசுகிறோம், தமிழுக்கு அது முழுக்கச் சரி. ஆங்கிலத்தில், முன்பு தொடங்கி இன்றுவரை நீளும் செயலுக்கு 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' வந்தே ஆக வேண்டும். ஆகவே 'சின்ஸ்' கண்ணில் பட்டதும் அதை விட்டுவிட்டு முதன்மை வினைக்குத் திரும்புங்கள். "சென்னை மெட்ரோ ஹேஸ் பீன் ரன்னிங் சின்ஸ் 2015" என்பதை மாதிரி வாக்கியமாக மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து 'ஃபார்' உடன் வரும் குழப்பம். இதற்குத் தமிழே வழி காட்டுகிறது. 'லேர்ந்து' என்றால் சின்ஸ். 'வருஷமா', 'மாசமா', 'மணி நேரமா' என்று 'ஆ'வில் முடிந்தால் ஃபார். திங்கட்கிழமைலேர்ந்து, சின்ஸ் மண்டே. மூணு நாளா, ஃபார் த்ரீ டேஸ். வழுக்குகிற இடம் ஒன்று உண்டு: 'கடந்த அஞ்சு வருஷத்துலேர்ந்து' என்று பேச்சில் சொல்வோம். அதை அப்படியே 'சின்ஸ் த லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதினால் தப்பு, ஏனென்றால் அஞ்சு வருஷம் என்பது கால அளவு. 'ஃபார் த லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்' என்பதே சரி. 'சின்ஸ் லாஸ்ட் இயர்' மட்டும் சரி, அங்கே போன வருஷம் தொடக்கப் புள்ளி.

"காலைலேர்ந்து கரண்ட் இல்லை" என்பதை "தேர் இஸ் நோ பவர் சின்ஸ் மார்னிங்" என்று நகரமெங்கும் சொல்கிறோம். நேர்முகத் தேர்விலோ ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சிலோ "தேர் ஹேஸ் பீன் நோ பவர் சின்ஸ் திஸ் மார்னிங்" என்று சொல்லப் பழகுங்கள். 'திஸ்' விடுபடக் கூடாது.

'நோ' (know, தெரியும்), 'பிலீவ்' (நம்பு) போன்று செயலை அல்லாமல் ஒரு நிலையைச் சொல்லும் நிலை வினைகளுக்கு 'பீன் நோயிங்' என்று 'இங்' சேர்க்க வேண்டாம். "ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் 2020" போதும்.

'சின்ஸ்'க்குப் பின்னால் முழு வாக்கியம் வந்தால், அதிலுள்ள செயல் ஒரு முறை நடந்து முடிந்ததாக இருக்கும்போது சாதாரண இறந்தகாலம் வரும்: "டென் இயர்ஸ் ஹேவ் பாஸ்ட் சின்ஸ் ஹீ லெஃப்ட்." இங்கே 'ஹேட் லெஃப்ட்' என்று மாற்றி வைத்துக் கேட்பார்கள். "அவரைப் பார்த்து அஞ்சு வருஷம் ஆச்சு" என்ற அமைப்புக்கு "இட் இஸ் ஃபைவ் இயர்ஸ் சின்ஸ் ஐ சா ஹிம்" என்பது சரி. இதில் 'இஸ்' இருப்பதைப் பார்த்துப் பிழை என்று குறித்துவிடாதீர்கள். 'இட் ஹேஸ் பீன்' என்றாலும் சரி.

இன்னொரு பொருள் 'என்பதால்'. "சின்ஸ் இட் வாஸ் ரெய்னிங், த மேட்ச் வாஸ் ஸ்டாப்ட்." மழை காரணம், காலப் புள்ளி ஏதும் இல்லை, அதனால் 'ஹேவ்' விதி இங்கே செல்லாது. சின்ஸ் வந்தாலே 'ஹேவ் பீன்' என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 'எப்போதிலிருந்து?' என்று கேளுங்கள். பதில் வராமல் 'ஏன்?' என்பதற்குப் பதில் வந்தால் அது காரணப் பொருள். இந்தப் பொருளில் இரண்டாம் பாதியில் 'ஸோ' சேர்ந்திருந்தால் அதுதான் பிழை.

வரப்போகிற காலத்துக்கும் தொடக்கமும் முடிவும் சேர்ந்து வரும் இடத்துக்கும் 'ஃப்ரம்' தான்: "த லைப்ரரி வில் பி ஓபன் ஃப்ரம் மண்டே", "ஃப்ரம் டென் டு ஃபைவ்".