அன்ரியின் தீவு: சில குறிப்புகள்

2025 மே 18, ஞாயிறு

இரவு வேலை. சாப்பாட்டு நேரத்தில் அன்ரி தன் பெட்டியைத் திறந்தார். தேங்காய்ப்பால் விட்ட மீன். அவர்கள் அதை 'செராஸ்' என்கிறார்கள். அம்மாவின் சொதியைவிடக் கொஞ்சம் தடிப்பு. விமான நிலையத்தில் ஒரு வருடமாகச் சேர்ந்து துடைத்துக் கூட்டுகிறோம், மொரீசியஸ்காரி என்றுதான் நினைத்திருந்தேன். இன்றைக்குத் திருத்தினார். வளர்ந்ததுதான் மொரீசியஸ். பிறந்தது பெரோஸ் பான்யோஸ், சாகோஸ் தீவுக்கூட்டத்தில், மாலைதீவுக்கும் தெற்கே. 1973இல் கடைசியாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் அவருடைய குடும்பமும் இருந்தது. அப்போது வயது 8.

இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் இந்தக் கிராலியில் பாதிப்பேர் சாகோஸ்காரர் போல இருக்கிறது. எனக்குத்தான் கண் தெரியவில்லை.

மே 20

நித்திரை வராமல் வாசித்துக்கொண்டிருந்தேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் தென்னந்தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். பின்னால் இந்தியாவிலிருந்தும் கூலிகள் போயிருக்கிறார்கள். கொப்பராதான் பிழைப்பு.

1965இல் பிரிட்டன் இந்தத் தீவுகளை மொரீசியஸிலிருந்து பிரித்தெடுத்தது, 30 லட்சம் பவுண் கொடுத்து. அவற்றில் பெரிய தீவான டீகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைக்க 1966இல் ஒப்பந்தம். தளத்துக்கு ஆளில்லாத தீவு வேண்டும், ஆனால் ஆட்கள் இருந்தார்கள். சரி, அவர்களை ஒப்பந்தக் கூலிகள் என்று எழுதிவிட்டால் போயிற்று! கடற்புள்ளைத் தவிர அங்கே பூர்வகுடி யாரும் இருக்கப்போவதில்லை என்று லண்டனில் ஓர் உயர் அதிகாரி குறிப்பே எழுதியிருக்கிறார். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்றுச் செத்துப் புதைக்கப்பட்ட சனத்தைப் பற்றி!

மே 22, வியாழன்

தீவுகளை மொரீசியஸிடம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் இன்றைக்குக் கையெழுத்திட இருந்தது. விடியப்புறம் 'நீதிமன்றம் தடுத்துவிட்டதாம்' என்று வேலைத்தளத்தில் ஒரே கதை. டீகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் போட்ட வழக்கு. மத்தியானம் தடை நீங்கியது, பின்னேரம் கையெழுத்தும் ஆயிற்று. இறைமை மொரீசியஸுக்கு. டீகோ கார்சியா 99 வருடக் குத்தகையில் பிரிட்டனிடமே. வருடத்துக்குச் சராசரி 10 கோடி 10 லட்சம் பவுண். சாகோஸ் மக்களுக்கென்று 4 கோடி பவுணில் ஒரு நிதியம்.

அன்ரியின் தமக்கை மொரீசியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் சந்தோஷப்படுகிறாராம். இங்கே மருமகனுக்குக் கொதிப்பு: எங்களைக் கேட்டார்களா? எனக்கு மருமகன் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. காணியை இரண்டு அரசுகள் பேசி முடிக்கும்போது காணிக்காரனை வெளியே நிறுத்துவது எங்களுக்கும் பழகிய கதை.

மே 25

நாய்களைப் பற்றிச் சொன்னார். அவர் பார்த்ததல்ல, டீகோ கார்சியாக்காரியான மாமியார் சொன்னது. 1971இல் சனத்தை ஏற்றி முடிக்குமுன்பே நாய்களைக் கொன்றிருக்கிறார்கள். முதலில் சுட்டார்கள், பிறகு நஞ்சு வைத்தார்கள், கடைசியில் கொப்பரா காயவைக்கும் கொட்டிலில் அடைத்து வாகனப் புகையை உள்ளே விட்டார்கள். மாமியாருக்கு அதற்குப் பிறகு கொப்பரா மணமே ஆகாதாம்.

போர்ட் லூயிஸ் சேரியில் அவர்களுக்கு வந்த நோய்க்குப் பெயர் 'சக்ரேன்'. துக்கம் என்று நான் எழுதலாம், ஆனால் அன்ரி அதைச் சாவுக்குக் காரணமாகச் சொல்கிறார். தாத்தா சக்ரேனில் போனார், பெரியம்மாவும்.

ஜூன் 8

2021 ஒக்டோபரில் எங்கள் ஆட்களின், இலங்கைத் தமிழரின், படகொன்று டீகோ கார்சியாவில் கரையேறியதைச் சொன்னேன். 89 பேர். வேலியடைத்த இடத்தில் கூடாரங்கள், மூன்று வருடத்துக்கு மேல். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானவர்களை இங்கே கொண்டுவந்தார்கள், தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பும் வந்தது. அன்ரி சிரித்துவிட்டார். "எங்களை இருக்க விடவில்லை, உங்களைப் போக விடவில்லை."

அப்புறம் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான மயிலிட்டியைப் பற்றிக் கேட்டார். 1990 ஜூனில் நாங்கள் ஓடியது, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம், 2017இல் இராணுவம் துறைமுகத்தை விட்டது எல்லாம் சொன்னேன். அவருக்கு அதில் அக்கறை இல்லை. டீகோ கார்சியாவை விட்டால் மற்றத் தீவுகளில் குடியேறலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. பெரோஸ் பான்யோஸும் அதற்குள் வரும். அதனால் நாங்கள் திரும்பிப் போனபோது என்ன இருந்தது என்று விவரமாகக் கேட்டார்.

"வீடு இருந்ததா?"

"இல்லை. அத்திவாரம் மட்டும். கிணறு இருந்தது."

"தண்ணீர்?"

"குப்பையும் மண்ணும். அப்பா ஆள் பிடித்து இறைத்தார்."

"எத்தனை நாள்?"

தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.